ஆயில் எத்தனை?

இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் தப்பில்லை. முகுந்தின் சகலைகூட சிரித்தான். ஆனால் நடந்தது நடந்ததுதான். முகுந்த் கதை கட்டுகிற ஆள் இல்லை. அதுவும் அந்த வாரத்தில், ஒரு பொய்யை யோசித்துச் சொல்லும் தெம்புகூட அவனிடம் இல்லை.

மூன்று வாரமாக அவன் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரன், புனேயில் குடியேறி ஏழெட்டு வருடம் ஆகிறது. ஹிஞ்சவடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அமெரிக்க வங்கி ஒன்றுக்குப் புதிய மென்பொருளை மாற்றிக்கொடுக்கும் சமயம். அவர்களுக்குப் பகல் என்றால் இவனுக்கு இரவு. இரவெல்லாம் அவர்களோடு பேசிவிட்டு, பகலில் இங்கிருக்கும் மேலதிகாரியோடு பேச வேண்டும். புதன்கிழமை பின்னிரவில்தான் வேலை முடிந்தது. வியாழக்கிழமை காலையில் படுத்தான். தூக்கம் வரவில்லை. அளவுக்கு மீறிக் களைத்துவிட்டால் அப்படித்தான். உடம்பு படுத்துவிடும், மூளை மட்டும் அணைக்க மறந்த மோட்டார் போல வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்.

அன்றைக்குப் பார்த்து அவனுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, மதியம் போசரிக்குப் போய் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தொழிற்சாலையையும் அதன் மியூசியத்தையும் பார்ப்பது. இன்னொன்று, மாலையில் மனைவி பார்கவியையும் மகள் வைஷுவையும் காரில் மும்பைக்கு அழைத்துப் போவது. பார்கவியின் தங்கை ரீனாவுக்கு மறுநாள் செம்பூரில் வளைகாப்பு.

பார்கவி வாசலிலேயே மறித்தாள்.

"ஏனுங்க, நெசமாலுமே போகோணுமா? கண்ணைப் பாருங்க, செவந்து கெடக்குது."

"வியாழக்கிழமை மட்டுந்தான் வெளியாளை உள்ள விடுவாங்க. அங்க வேலை பாக்கற விச்சு கெஞ்சிக் கூத்தாடி வாங்கின பர்மிஷன்."

"செரி, ஆட்டோவுல போங்க. சாயந்தரம் கண்டாலா மலையில எறங்கோணும். மழை வேற. பின்னால புள்ளை உக்காந்திருப்பா, ஞாபகம் வெச்சுக்கோங்க."

"ஸ்போர்ட்ஸ் காரு பாக்கப் போறவன் ஆட்டோவுலயா போய் எறங்குவான்? வாட்ச்மேனே சிரிப்பான்."

கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு அது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஏன் வியாழக்கிழமை என்று கேட்கலாம். பிம்ப்ரி, போசரி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஞாயிறு விடுமுறை இல்லை. எல்லாரும் ஒரே நாளில் மின்சாரத்தை இழுக்கக் கூடாது என்று வட்டாரத்துக்கு வட்டாரம் வார விடுமுறையை மாற்றி வைத்திருக்கிறார்கள். இங்கே அது வியாழன். அன்று இயந்திரங்கள் நிற்கும். மின்வாரியமும் தன் பழுதுவேலைகளை அன்றைக்கே வைத்துக்கொள்ளும். வியாழக்கிழமை என்றால் கரண்ட் போகும் என்பது புனேயில் குழந்தைக்கும் தெரியும்.

தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். சின்ன இடம்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்களைக் கையாலேயே பூட்டி, மாதத்துக்குச் சிலவற்றை விற்கிறார்கள். முதலாளி சேகரித்த பழைய கார்களைப் பின்னால் ஒரு பெரிய தகரக் கொட்டகையில் நிறுத்தி மியூசியமாக்கியிருக்கிறார்கள். விச்சு அங்கே தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். புனேயின் ராஸ்தா பேட்டையில் பிறந்து வளர்ந்த தமிழன். வாயைத் திறந்தால் பாதி தமிழ், மீதி எது வருமோ அது.

"அரே முகுந்த்! என்னடா மூஞ்சி இது? பிரேதம் மாதிரி இருக்கே."

"தூக்கம் இல்லடா."

"சாய் குடி முதல்ல. அதரக் போட்டது. அப்பறம் ச்சல், உள்ள போலாம்."

இஞ்சி டீ கொஞ்சம் உயிர் கொடுத்தது. உள்ளே போனதும் மீதி உயிரும் வந்தது. கார் பூட்டும் இடத்தைப் பார்த்தால் முகுந்துக்கு அப்படித்தான். எலும்புக்கூடு போன்ற சட்டங்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் சக்கரம் இல்லை, ஒன்றில் கதவு இல்லை. கடைசியில் நின்றதில் எல்லாம் இருந்தது, இருக்கைகள் மட்டும் இல்லை. மழை தகரக் கூரையில் சரளைக்கல் கொட்டுவது போல இரைந்துகொண்டிருந்தது.

வரிசையின் முடிவில் விச்சு நின்றான்.

"இங்கேருந்துதான் டெஸ்ட்டுக்குப் போகும். இப்பல்லாம் டப்பா ஒண்ணு மாட்டி விட்டுடறோம், எல்லாத்தையும் அதுவே பதிஞ்சுக்கும். முன்னாடி ரெண்டு ஆள் போவா. ஒருத்தன் ஓட்டுவான், இன்னொருத்தன் பக்கத்துல உக்காந்து கேப்பான்."

"என்ன கேப்பான்?"

"ஆயில் ப்ரெஷர் எவ்வளவு, தண்ணி டெம்பரேச்சர் எவ்வளவு. அவ்வளவுதான். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி பூரா. ஓட்டறவன் மீட்டரைப் பாத்து நம்பர் சொல்லணும்."

"அவனே எட்டிப் பாத்தா ஆச்சே?"

விச்சு சிரித்தான். "அதுல தாண்டா விஷயம். மீட்டரைத் தெரிஞ்சுக்க இல்ல, டிரைவரைத் தெரிஞ்சுக்க. 'ஓகே'ன்னு தூக்கத்துல கூடச் சொல்லலாம். நம்பர் சொல்லணும்னா கண்ணு முழிச்சுப் பாக்கணும். பதில் வரலைன்னா, இல்ல பழைய நம்பரையே சொன்னா, பக்கத்துல இருக்கறவன் ஹேண்ட்பிரேக்கைப் பிடிச்சு இழுத்துடுவான். அதான் ரூல்."

முகுந்துக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எவ்வளவு எளிய ஏற்பாடு! களைத்துப்போன மூளைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அனுமதி கேட்காமல் இரண்டு மூன்று நொடி அணைந்துவிடும். கண் திறந்தபடியே இருக்கும், கை ஸ்டியரிங்கில்தான் இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டான். அந்த நேரத்தில் கார் ஐம்பது அறுபது மீட்டர் போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை, ஒரு கேள்வி போதும்.

மியூசியத்துக்குள் போனபோது மணி மூன்றரை இருக்கும்.

கார்கள் இரண்டு வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள். பெட்ரோலையும் வடித்துவிட்டார்கள், நாட்பட்ட பெட்ரோல் பிசின் மாதிரி ஆகிக் குழாய்களை அடைத்துவிடும். ஓடாத கார்கள், பாடம் செய்து வைத்த புலிகள் மாதிரி நின்றன. முகுந்த் ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து, நிமிர்ந்து, பெருமூச்சு விட்டுக்கொண்டே போனான்.

கடைசியில், சுவரோரம், சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. பளபளப்பு இல்லை. பம்பரில் கீறல்.

"இது எங்களோட முதல் டெஸ்ட் கார். ஓடி வருஷக்கணக்கா ஆச்சு. அப்பறம் கேட்டை விட்டு வெளில போனதே இல்ல," என்றான் விச்சு.

முகுந்த் மண்டியிட்டு, சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே பார்த்தான். உள்ளே பிரேக் தட்டு கண்ணாடி மாதிரி மின்னியது.

அதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பிரேக் தட்டு வெறும் வார்ப்பிரும்பு. பெயின்ட் கிடையாது. மழைக்காலத்தில் காரை ஓர் இரவு நிறுத்திவைத்தால் போதும், காலையில் மேலே செம்மண் பூசியது போலத் துரு படிந்திருக்கும். காரை எடுத்து நாலு தடவை பிரேக் போட்டால் அது தேய்ந்து மறுபடி மின்னும். ஆக, மின்னுகிற தட்டுக்கு ஒரே அர்த்தம்தான்.

கார் இன்றைக்கு ஓடியிருக்கிறது.

"விச்சு, இதை யாராவது ஓட்டறாங்களா?"

"இதையா? சான்ஸே இல்லடா."

"டிஸ்க் பாரு."

விச்சு குனியக்கூட இல்லை. "யாராவது துடைச்சிருப்பான். உக்காந்து பாக்கறியா? எதையும் திருகாதே."

கதவைத் திறந்து வலது இருக்கையில் இறங்கினான் முகுந்த். இறங்கினான் என்பதுதான் சரி, அவ்வளவு தாழ்வு. இருக்கை அவனை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டது. மூன்று வாரக் களைப்பும் முதுகு வழியாகக் கீழே வழிந்தது.

சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது.

"ஆச்சு! வியாழக்கிழமை புண்ணியம்," என்றது விச்சுவின் குரல். "இரு, ஜெனரேட்டர் போடச் சொல்லிட்டு வரேன்."

அவன் காலடி தூரத்தில் தேய்ந்தது. இரும்புக் கதவு சாத்திய சத்தம். பிறகு கூரையில் மழை மட்டும்.

பகல்தான். ஆனாலும் கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. மேலே காற்றுப் போக வைத்திருந்த சின்னச் சின்ன இடைவெளிகளிலிருந்து சாம்பல் வெளிச்சம் கொஞ்சம் கசிந்தது. முகுந்த் கையை ஸ்டியரிங்கில் வைத்தான். கண்ணை ஒரு நொடி மூடலாம் என்று நினைத்தான். மூடினான்.

"ஆயில் எத்தனை?"

இடது பக்கம். மிக அருகில். மெதுவான, களைத்த குரல்.

முகுந்த் கண்ணைத் திறக்கவில்லை. சிரித்தான். "சும்மா இருடா விச்சு."



அவனுடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தான்.

"டேய், வாட்ச்மேன் ஜெனரேட்டர் ரூம் சாவியைத் தொலைச்சுட்டான்," என்றான் விச்சு, போனில். பின்னால் திறந்தவெளியின் மழைச்சத்தம். "அஞ்சு நிமிஷம் ஆகும். உள்ளேயே இரு."

போன் அணைந்தது.

முகுந்த் இடது பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கண்களை மட்டும் முன்னால் கண்ணாடி மேல் வைத்திருந்தான். அப்போதுதான் அதைக் கவனித்தான்.

மூடிய காருக்குள் ஆள் இருந்தால் மூச்சின் ஈரம் கண்ணாடியில் படியும். ஆளுக்கு நேர் எதிரே முதலில் படியும். இவன் உட்கார்ந்திருந்தது வலது பக்கம். இவனுக்கு எதிரே கண்ணாடி தெளிவாக இருந்தது.

இடது பக்கம் வெள்ளையாக மங்கியிருந்தது.

அது கொஞ்சம் சுருங்கியது. பிறகு விரிந்தது. சுருங்கியது... விரிந்தது...

"ஆயில் எத்தனை?"

தமிழ்தான். ஆனால் தமிழனின் தமிழ் இல்லை. ஆயில் எவ்வளவு என்றுதானே நாம் கேட்போம்?

முகுந்தின் பார்வை தானாக மீட்டருக்குப் போனது. அது பழைய வகை மீட்டர். அதற்குப் பேட்டரி வேண்டாம். எஞ்சினிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று மீட்டருக்குள்ளேயே வரும். அதில் எண்ணெய் அழுத்தினால் முள் எழும். பொய் சொல்லவே தெரியாத மீட்டர் அது. முள் எழுந்திருந்தால் எண்ணெய் அழுத்துகிறது. எண்ணெய் அழுத்தினால் எஞ்சின் சுற்றுகிறது.

எஞ்சின் சத்தம் இல்லை.

முள் நாலில் நின்றது.

நாலில் நின்று லேசாக நடுங்கியது. ஓடுகிற வண்டியில் நடுங்குவது போல.

பக்கத்து மீட்டரிலும் முள் நகர்ந்தது. தண்ணீரின் சூடு. தொண்ணூறு. தொண்ணூற்று இரண்டு. மெல்ல மெல்ல ஏறியது. ஏதோ மலையில் ஏறும் வண்டிக்கு ஏறுவது போல...

அவனுடைய இடது தொடையருகே ஒரு சத்தம்.

க்ளக்.

ஹேண்ட்பிரேக்கின் பொத்தானை யாரோ கட்டை விரலால் அழுத்திய சத்தம்.

"நாலு," என்றான் முகுந்த். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "நாலு... நாலு."

"தண்ணி எத்தனை?"

"தொண்ணூத்தி ஆறு."

மூச்சு.

"சரி. ஓட்டு."

விளக்குகள் எரிந்தன.

விச்சு வந்து கதவைத் திறந்தபோது முகுந்த் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. முட்கள் இரண்டும் பூஜ்யத்தில் கிடந்தன. கண்ணாடியில் ஈரம் இல்லை.

"தூங்கிட்டியா? ஏக்தம் வேர்த்துக் கொட்டறது."

"விச்சு... இந்த ஆயில் மீட்டர் வேலை செய்யுதா?"

"எதுக்குடா செய்யணும்?" விச்சு முன்னால் போய் மூடியைத் தூக்கினான். "எஞ்சினே உள்ள இல்ல. அதைக் கழட்டி மேல ட்ரெயினிங் ரூம்ல வெச்சிருக்கோம்."

முகுந்த் எட்டிப் பார்த்தான். பெரிய, காலியான பள்ளம். நடுவே ஒரு செப்புக் குழாய் வளைந்து தொங்கியது. அதன் முனையைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

கனவு என்றுதான் அவன் முடிவு செய்தான். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். தூக்கம் கெட்டவனுக்குக் கண் திறந்திருக்கும்போதே கனவு வரும். அதற்கும் விளக்கம் இருக்கிறது. விளக்கம் கையில் இருந்தால் பயம் பாதியாகிவிடும். விச்சுவிடம் விடைபெற்றுக்கொண்டு தன் காரில் ஏறினான்.

அவனுடையது பழைய சிவப்பு ஹேட்ச்பேக். மழை குறைந்திருந்தது. துடைப்பான்கள் போய் வந்தன. போய் வந்தன. தொழிற்பேட்டைச் சாலை விடுமுறையில் காலியாகக் கிடந்தது. நேர்ச்சாலை. போய் வந்தன... பார்கவி பெட்டியைக் கட்டி வைத்திருப்பாள்... வைஷு ஜன்னலில்...

"ஆயில் எத்தனை?"

முகுந்த் திரும்பிப் பார்த்தான்.

இடது இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் சீட் பெல்ட் எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. டிங். டிங். டிங். இருக்கையில் எடை ஏறி, பெல்ட் போடவில்லை என்றால் அடிக்கும் மணி.

அவன் மீட்டரைப் பார்த்தான். வேகம் இருந்தது. பெட்ரோல் இருந்தது.

ஆயில் இல்லை.

இந்தக் காலத்துக் கார்களில் ஆயில் மீட்டர் வைப்பதில்லை. அழுத்தம் குறைந்தால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். சொல்வதற்கு எண் இல்லை.

"ஆயில் எத்தனை?"

"தெரியலை," என்றான்.

டிங். டிங்.

"ஓகே... ஆயில் ஓகே..."

இடது தொடையருகே...

க்ளக்.

நெம்புகோல் மேலே எழுந்தது. அவன் கண்ணெதிரே. அதன்மேல் எந்தக் கையும் இல்லை.

ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். ஓடும்போது இழுத்தால் வால் சுழலும். சுழன்றது. ரப்பர் அலறியது. உலகம் ஒரு சுற்றுச் சுற்றிக் குறுக்காக நின்றது.

எஞ்சின் அணைந்தது.

அப்போதுதான் அவன் பார்த்தான். எதிரே சிக்னல். சிவப்பு. அவன் மூக்குக்கு முன்னால், கண்ணாடியை உரசுவது போல, ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அதன் ஹாரன் இப்போதுதான் காதில் விழுந்தது. அது எவ்வளவு நேரமாக அடித்துக்கொண்டிருந்ததோ.

மணி நின்றுவிட்டிருந்தது.

ஓரமாக நின்ற ஒரு ஸ்கூட்டர்காரர் ஓடி வந்து மராட்டியில் திட்டினார். "ஜோப்லா ஹோதாஸ் கா ரே?" தூங்கிவிட்டாயா என்று கேட்கிறார். முகுந்த் தலையை ஆட்டினான். அவர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். பிறகு சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"பக்கத்தில் இருந்தவர் எங்கே இறங்கினார்?" என்றார் இந்தியில்.

காரை அங்கேயே ஒரு தொழிற்சாலைச் சுவரோரம் தள்ளி நிறுத்திவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போனான் முகுந்த்.

பார்கவி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால் ஆட்டோவைப் பார்த்தாள்.

"காரு எங்கீங்க?"

"ரயில்ல போலாம்."

"என்னாச்சுன்னு கேக்கறேன்."

"நான் ஓட்டலை பார்கவி. வைஷுவை வெச்சுக்கிட்டு நான் ஓட்டலை."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. மனைவிமார்கள் கேட்காமல் விடுவது எப்போதாவதுதான் நடக்கும். நடந்தால் பதில் அவர்களுக்கே தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ரயிலில் இடம் கிடைத்தது. வைஷு அவன் மடியில் தூங்கினாள். எதிரே பார்கவியும் தூங்கினாள். முகுந்த் தூங்கவில்லை. கண் சொக்கும்போதெல்லாம் நகத்தால் உள்ளங்கையைக் குத்திக்கொண்டான். கண்டாலா மலையில் ரயில் குகைகளுக்குள் புகுந்து புகுந்து வெளிவந்தது. இருட்டு, வெளிச்சம், இருட்டு. அங்கிருந்துதான் விச்சுவுக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான்.

விச்சு கேலி செய்வான் என்று எதிர்பார்த்தான். அவன் சிரிக்கவில்லை.

"எத்தனைன்னா கேட்டான்?"

"ஆமா."

"ஒரு நம்பர் அனுப்பறேன். கலியன்னு பேர். எங்ககிட்ட டெஸ்ட் டிரைவரா இருந்தவர், இப்ப தேஹு ரோட்ல இருக்கார். அவர்கிட்ட பேசு. எங்கிட்ட எதுவும் கேக்காதே."

வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்தது. ரீனாவின் இரண்டு கையும் வளையல்களால் குலுங்கின. முகுந்த் எல்லாருக்கும் சாப்பாடு பரிமாறினான். தயிரை ரசம் என்று நினைத்து ஊற்றினான். சகலை தோளைத் தட்டி, "அண்ணே, போய்ப் படுங்க, நின்னுட்டே தூங்கறீங்க," என்றான். சாயங்காலம் கூட்டம் கலைந்தபிறகு முகுந்த் பால்கனிக்குப் போய் அந்த எண்ணை அழைத்தான்.

"கலியன் பேசறேன். யாரு?"

முகுந்த் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பக்கம் இருமல் சத்தம் மட்டும் கேட்டது.

"அவரு பேரு தத்தா மோரே சார். மராட்டிக்காரரு. எனக்குப் பக்கத்துல உக்காந்து கேக்கறவரு. இந்தில கேட்டா நான் தூங்கிடறேன்னு எங்கிட்டயே தமிழ் கத்துக்கினாரு. சொந்த பாசையில கேட்டா தூக்கம் கலையும்ல? நாலு வார்த்த. எத்தினின்னுதான் வரும் அவுருக்கு. திருத்திப் பாத்தேன், வரல."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"மும்பைல இருந்து பழைய ரோட்ல திரும்பி வரோம். பன்வேல்ல டீ குடிச்சோம். நெஞ்சு எரியுதுன்னாரு. அப்பறம் கெளம்பி, மலையேறி, லோனாவ்லா தாண்டி, விடியக்காலைல கம்பெனி கேட்டுக்கு வந்தோம். வழி பூரா கேட்டுக்கினே வந்தாரு. நானும் நம்பர் சொல்லிக்கினே வந்தேன். கேட்ல நான் எறங்கிட்டேன். அவரு எறங்கல."

முகுந்த் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டர் பாத்துட்டு சொன்னாரு, உசுரு போயி ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னு. ஒடம்பு வெறச்சிருச்சு. பன்வேல்லயே போயிருக்குது சார். மலை மேல எங்கிட்ட கேட்டது யாரு?"

கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அதுக்கப்புறம் நான் எந்த வண்டியில உக்காந்தாலும் கேப்பாரு. இப்ப ஸ்கூல் வேன் ஓட்டறேன். அதுலயும் கேப்பாரு. பதில் சொல்லிருவேன். பழகிப்போச்சு." கலியனின் குரல் தாழ்ந்தது. "நேத்து சாயந்தரம் புள்ளைங்கள ஏத்திக்கினு வரேன்... கேக்கல. இன்னிக்கும் கேக்கல. இத்தினி வருசத்துல மொத தடவ. சாமிக்கு சூடம் ஏத்துனேன் சார், வுட்டுட்டாரு போலன்னு."

முகுந்த் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"சார். அந்த வண்டியில அவரு கேட்டப்ப... நீங்க நம்பர் சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்."

இருமல்கூட இல்லை.

"நான் இனிமே வண்டியே ஓட்டப் போறதில்லைங்க," என்றான் முகுந்த். "வித்துடறேன்."

"நானும் அப்டித்தான் நெனச்சேன். ஒரு மாசம் ஸ்டியரிங்கையே தொடல." கலியன் மெல்லச் சொன்னார். "ஊட்டுக்கு வந்துட்டாரு சார். வண்டில இருக்கறமா இல்லையான்னு அவுருக்குத் தெரியாது. கண்ண மூடினா போதும். ஓட்டறவன் தூங்கறான்னு எழுப்புவாரு."

"அப்ப எப்படித் தூங்கறது?"

"கொஞ்சங் கொஞ்சமாத்தான். கேக்கறப்ப எதனா நம்பர் சொல்லுங்க. சொன்ன நம்பரையே திருப்பிச் சொல்லாதீங்க, ஒத்துக்க மாட்டாரு. நேத்துல இருந்து நீங்க தூங்குனீங்களா?"

"இன்னும் இல்லைங்க."

கலியன் போனை வைத்தார்.

உள்ளேயிருந்து பார்கவி கூப்பிட்டாள். "ஏனுங்க, இன்னும் அங்கென்ன பண்றீங்க? மெத்தை விரிச்சாச்சு. நானும் வைஷுவும் ரீனாகூடப் படுத்துக்கறோம், நீங்க இந்த ரூமுல தனியா, யாரு தொந்தரவும் இல்லாம தூங்குங்க. நான் எழுப்பவே மாட்டேன்."

முகுந்த் உள்ளே போனான். விளக்கை அணைக்கவில்லை. மெத்தையின் வலது ஓரத்தில் படுத்தான். மூன்று வாரத் தூக்கம் அவன் இமைகளின் மேல் ஏறி உட்கார்ந்தது. அவனால் முடிந்தவரை பார்த்தான். கூரையில் மின்விசிறி சுற்றியது. சுற்றியது...

இமைகள் மூடின.

இடது பக்கம் மெத்தை மெதுவாக அமிழ்ந்தது.